மீன் குடித்தால்தான் நான் குடிப்பேன்

என் தைரியமே, தனம்,

நான் பேனாவை எடுத்தாலே நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். முதல் கேள்வி, "செல்வி சாப்ட்டாளா?" சாப்பிட்டாள். இரண்டாவது கேள்வி, "என் மீனு எப்படி இருக்குது?" அதற்குத்தான் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் தறியை நிறுத்திவிட்டு, இழை ஓட்டும் நாடாவைப் பாவு நூலின் மேலேயே போட்டுவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மீன் உயிரோடு இருக்கிறது. ஆனால் தொட்டியில் இல்லை. பெட்டிக்கடையில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கண்ணாடி ஜாடியில் ஜன்னலோரமாக இருக்கிறது. பக்கத்தில் நம் மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்றிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வைகாசி வெயிலில் பிள்ளையார்பாளையம் முழுக்கக் கொதிக்கிறது. இளநீரும் பாலும் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். தேங்காய்க்குள் யாரும் எதையும் போட முடியாதாம். அவளே சொன்னாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தனம். நீ சிரிப்பாய். நான் எதற்குத்தான் பயப்படவில்லை? கோயில் யானை எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்துகொள்கிறவன். இடி இடித்தால் தறிக்குழியிலிருந்து காலைத் தூக்கிக்கொள்கிறவன். "உங்கம்மா உங்களைப் பெக்கும்போதே கண்ண மூடிக்கினு பெத்திருப்பாங்க" என்று நீ சொல்வாய். நம் வீட்டுக்கு வேண்டிய தைரியத்தை எல்லாம் நீயே வைத்துக்கொண்டிருந்தாய். போகும்போது கொஞ்சம் விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மீன் வாங்கின அன்றைக்கும் நான்தான் பயந்தேன். மெட்ராசுக்குச் சேலை கொண்டுபோனபோது நீயும் வருகிறேன் என்றாய். மூர் மார்க்கெட்டில் அந்தக் கண்ணாடித் தொட்டிகளைப் பார்த்ததும் நின்றவள் நகரவே இல்லை. "வேணாம் தனம், வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே செத்துப்போயிடும்" என்றேன். "நாமளுந்தான் ஒரு நாளு செத்துப்போவோம். அதுக்காகக் கல்யாணம் பண்ணிக்காமயா இருந்தோம்?" என்றாய். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை மீன் இருந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் நீயும் சேர்ந்து குதித்தாய்.

அந்தத் தங்கநிற மீனுக்கு நீ தண்ணீர் மாற்றுவதைத் தினமும் தறியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தேனே தவிர எதுவும் மனதில் ஏறவில்லை. நம் தெருவுக்கே முதல் பிளாஸ்டிக் வாளி நீ வாங்கினதுதான், அந்த நீல வாளி. குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து முற்றத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைப்பாய். "குழாத் தண்ணியில போடுற மருந்து வாடை போவணுங்க" என்பாய். குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் தூக்குவாய். தொட்டியை ஒரு நாளும் முழுசாகக் காலி செய்ததில்லை. நாலில் ஒரு பங்கை மொண்டு செடிக்கு ஊற்றிவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் விடுவாய். ஏன் என்று கேட்டதற்கு, "புது வீட்டுக்குக் குடிபோனாக்கூடப் பழைய பாயை எடுத்துக்கினுதானே போறோம்? அதுக்குப் பழகின தண்ணி கொஞ்சம் இருக்கட்டும்" என்றாய்.

அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்றுதான். எல்லாம் முடிந்தபிறகு டாக்டர் என்னிடம், "இது தண்ணியால வர்றது, தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுக் குடிங்க" என்று சொன்னபோது செல்வி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.

எந்தத் தண்ணீர், தனம்? கல்யாண வீட்டில் குடித்ததா? பஸ் ஸ்டாண்டில் குடித்ததா? நம் வீட்டுப் பானையிலேயேவா? யாருக்கும் தெரியாது. எல்லாத் தண்ணீரும் தெளிவாகத்தான் இருந்தது. பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணை மூடிக்கொண்டே என் விரல் கண்டுபிடித்துவிடும். தண்ணீரில் எது கெட்டிருக்கிறது என்று எந்த விரலால் தடவிப் பார்ப்பேன்?

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் செல்வி டம்ளரைத் தள்ளிவிட்டாள். ஏழு வயதுப் பிள்ளை, "அம்மா இதைக் குடிச்சுதான் செத்துச்சு" என்கிறாள். கெஞ்சினேன், மிரட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அங்க பாரு கண்ணு, அம்மாவோட மீனு அதே தண்ணியிலதான் இருக்குது. அதுக்கு ஒண்ணும் ஆவலியே?" அவள் மீனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குடித்தாள்.

அன்றிலிருந்து அதுதான் நம் வீட்டுச் சட்டம். காலையில் எழுந்ததும் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பாள். மீன் வாயைத் திறந்து மூடுகிறதா, வாலை ஆட்டுகிறதா என்று பார்ப்பாள். "நைனா, மீனு குடிச்சிட்டுது. இப்போ நான் குடிப்பேன்" என்பாள். ஒரே தண்ணீர்தான் இரண்டு பேருக்கும். வேறு வேறு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாள். இதிலிருந்து என் பயம் எங்கே போய் நின்றது என்று உனக்குப் புரியும். ஒரு மீனின் வாயில் என் மகளின் உயிரைக் கட்டிவிட்டேன்.

முசரவாக்கத்திலிருந்து என் அக்கா வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். டாக்டர் சொன்னபடி முதலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். "சப்புனு இருக்குது, தொண்டையில எறங்கல" என்றாள் அக்கா. எனக்கும் இறங்கவில்லை. அப்போதுதான் அவள் சொன்னாள். "செப்புக் கொடத்துல ராத்திரி ஊத்தி வெச்சா எந்தக் கிருமியும் நிக்காது தம்பி. சாமி அபிஷேகத்துக்கே அதுலதானே எடுத்துக்கினு போறாங்க?" எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. உன் சீர்வரிசையில் வந்த செப்புக் குடத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். அக்கா புளியைப் போட்டுத் தேய்த்தாள். வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்தாள். குடம் விளக்கு மாதிரி பளபளத்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. உன் நீல வாளி கொல்லைப்புறத்துக்குப் போனது. "பிளாஸ்டிக்குல எவளாவது குடிக்கத் தண்ணி வெப்பாளா?" என்றாள் அக்கா. நீ இல்லாததால் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

குடத்துத் தண்ணீர் எங்களுக்கு, குடத்துத் தண்ணீர் மீனுக்கு. எல்லாம் சுத்தம், எல்லாம் பத்திரம் என்று நினைத்தேன்.

முதலில் நத்தைகள் விழுந்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்குமே, மீனோடு சேர்த்து நீ வாங்கி வந்த நத்தைகள், அவை ஒவ்வொன்றாக அடியில் போய்ச் சுருண்டன. பிறகு மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்தது. துடுப்பு எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டிக்கொண்டது. பொரித்தூள் போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. செல்விக்கு அது புரியவில்லை. "நெறைய குடிக்குது நைனா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அன்று நான் தறியில் உட்காரவே இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அப்படித்தான் ஆனேன். கருட சேவைக்கு ஊருக்குள் ஜனம் வந்து நிறைந்திருந்தது. அதனால் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதுதான் என்று நினைத்தேன். அக்கா போடும் சாம்பிராணியோ என்று அதை நிறுத்தச் சொன்னேன். அக்கா தன் பங்குக்கு உப்பும் மிளகாயும் எடுத்து மீனுக்குத் திருஷ்டி சுற்றினாள். பட்டுச்சேலை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தொட்டியைப் பார்த்துக் கண் வைத்துவிட்டார்களாம். நீ இருந்திருந்தால் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. நம்பினேன்.

தண்ணீரை மாற்றினால் சரியாகும் என்று குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினேன். மீன் இன்னும் வாடியது. இன்னும் ஊற்றினேன். இதைவிடச் சுத்தமான தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?

போன வெள்ளிக்கிழமை தொட்டியையே கழுவிவிடுவது என்று முடிவு செய்தேன். மீனை எதிலாவது விட வேண்டுமே. குடத்தை அக்கா தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். கொல்லையில் கால் கழுவ முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீர் உன் நீல வாளியில் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதை மொண்டு மிட்டாய் ஜாடியில் ஊற்றி மீனை விட்டேன். கல்லையும் கண்ணாடியையும் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். அதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. பார்த்தால், ஜாடிக்குள் மீன் துடுப்பை விரித்துக்கொண்டு சுற்றுகிறது! பொரித்தூளைக் கவ்வுகிறது! கை எடுத்துக் கும்பிட்டேன். தொட்டி அழுக்குதான் காரணம் என்று நினைத்து, பளிச்சென்று கழுவிய தொட்டியில் முந்தின நாள் தேய்த்து ராத்திரி நிரப்பி வைத்த குடத்துத் தண்ணீரை முழுக்க ஊற்றி, மீனைத் திரும்ப விட்டேன்.

நேற்றுக் காலை அது ஒருபக்கமாகச் சாய்ந்து அடியில் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. செல்வி பார்த்துவிட்டாள். அழவில்லை. கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் கண்ணிமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன், மஞ்சளாக இருக்கிறதா என்று. ஒன்றுக்குப் போனால் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மஞ்சளாகத்தான் இருந்தது. தண்ணீர் குடிக்காத பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள் அக்கா. நான் மறுபடியும் இமையை இழுத்தேன்.

நல்லவேளை, வசந்தா டீச்சர் வந்தார். உன் தோழிதான், செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறாரே, அவர். பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றார். "இன்னா தண்ணி ஊத்துனீங்கண்ணே?" என்றார். குழாய்த் தண்ணீர்தான் என்றேன். ஜாடியில் விட்டபோது நன்றாக இருந்ததையும் சொன்னேன்.

"அதுவும் இதே தண்ணிதானே?"

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், சுவரோரத்திலிருந்து செல்வி சொன்னாள். "இல்ல டீச்சர். ஜாடியில வாளித் தண்ணி. தொட்டியில கொடத்துத் தண்ணி."

டீச்சர் சமையல்கட்டுக்குப் போய்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். கழுத்துக்கு உள்பக்கம் கைக்குட்டையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். துணியில் இளம்பச்சையாக ஒட்டியது.

"மயில்துத்தம் தெரியுமில்லண்ணே? கொளத்துல பாசி புடிச்சா போடுவாங்க. கொஞ்சம் கூடிப்போச்சுன்னா மீனும் மெதக்கும். அதுல இருக்கிறது செம்புதான். புளி போட்டுத் தேச்ச கொடத்துல ராத்திரி பூரா தண்ணி நின்னா, செம்பு கொஞ்சம் தண்ணியில எறங்குது. நமக்கு அந்தக் கொஞ்சம் ஒண்ணும் பண்ணாது. மீனு செவுளால அந்தத் தண்ணியிலயேதான் மூச்சு வுடுது. அதுக்கு அதுவே விஷம்."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சாமிக்கு ஊத்துறோமேம்மா?" என்றாள்.

"சாமி மேல ஊத்துனது வழிஞ்சு போயிடுதுக்கா. மீனு ராவும் பகலும் அதுக்குள்ளயே கெடக்குது. அதோட தொட்டிய இப்படி ஒரேயடியாக் கழுவவும் கூடாது. தனம் சொல்லலியா?"

நீ சொன்னாய். பழைய பாய் என்று சொன்னாய். நான்தான் கேட்டுக்கொண்டே நெய்துகொண்டிருந்தேன்.

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஜாடியில் ஊற்றி மீனை விட்டோம். டீச்சர் கிளம்பும்போது செல்வி எழுந்து அவர் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். "அந்தக் கொடத்துத் தண்ணிய நாங்களுந்தானே குடிச்சோம்?"

"மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆவாதும்மா."

"அம்மாவும் மனுஷிதானே?"

டீச்சர் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். இன்று காலை மீன் எழுந்து நிற்கிறது. கொஞ்சம் நீந்துகிறது. "பாரு கண்ணு, மீனு குடிக்குது" என்றேன். "அது அன்னிக்கும் குடிச்சுது" என்கிறாள். என் பொய்யான சட்டம் ஒடிந்துவிட்டது. அவளுக்கு இனி மீனும் சாட்சி இல்லை. நான் என்ன செய்வது, தனம்? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். இப்போது சாயங்காலம். ஏகாம்பரநாதர் கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மதியம் அக்காவிடம்கூடக் கேட்காமல் அடுப்பை மூட்டினேன். குழாய்த் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவைத்து, மண்பானையில் ஊற்றினேன். நீல வாளியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் பிடித்து, முற்றத்தில் வெயிலில் வைத்தேன். "பானையில இருக்கிறது நமக்கு. வாளியில இருக்கிறது மீனுக்கு" என்றேன் செல்வியிடம். "ரெண்டும் வேற வேற. அதுக்கு நல்லது நமக்கு ஆவாது, நமக்கு நல்லது அதுக்கு ஆவாது. இனிமே மீனைப் பாத்து நாம குடிக்கக் கூடாது."

"அப்போ யாரைப் பாத்து?"

பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டேன். வழக்கப்படி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினேன். உள்ளே பார்த்தேன். மூக்கருகே கொண்டுபோனேன்.

"நீயும் தெனமும் இப்படித்தான் பாக்குற நைனா. மோந்து பாக்குற. அதான் நானும் பாக்குறேன்" என்றாள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் பயத்தைக் கற்றுக்கொண்டது டாக்டரிடமிருந்து என்று இத்தனை மாதமாக நினைத்திருந்தேன். மூன்று வேளையும் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து பாடம் நடத்தியது நான். தொட்டி முன்னால் அவள் நின்றதைவிட அதிக நேரம் நான் டம்ளருக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

டம்ளரைக் கீழே இறக்கினேன். உள்ளே பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை, அவளையே பார்த்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தேன். பாதி சட்டையில் சிந்தியது.

"பயமா இல்லையா நைனா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு பொய்க்குப் பட்டது போதும்.

"பயமாத்தான் இருக்குது கண்ணு. ஆனா தாகமா இருக்குது."

அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது. பிறகு என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அவளே பானையில் மொண்டாள். "எனக்கும்" என்றாள். முழு டம்ளரையும் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். ஜாடிப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா சமையல்கட்டில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சப்புனு இருந்தா இருக்கட்டும் போ" என்றாள்.

மீன் பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. நாளைக்கு வாளித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு, ஜாடியில் இருக்கும் பழகின தண்ணீரோடு சேர்த்தே, குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்ட தொட்டியில் மீனை விடப்போகிறோம். உன் குடத்தை நான் பரணில் ஏற்றவில்லை. அக்கா அதில் பூ போட்டு வைத்திருக்கிறாள்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன், தனம். மீன் இருந்தாலும் போனாலும், நம் மகள் குடிக்கும் தண்ணீரைத் தினமும் கொதிக்க வைப்பேன். அவளுக்கு முன்னால் முதல் டம்ளரை நான் குடிப்பேன், உள்ளே பார்க்காமல். பயந்துகொண்டேதான் குடிப்பேன். ஆனாலும் குடிப்பேன்.

இப்படிக்கு,
செல்வியின் நைனா,
உன் பயந்தாங்கொள்ளி வீட்டுக்காரன்,
ஏகாம்பரம்